சொன்ன வாய்

ஆனி 12, புதன்

காலையிலிருந்து மழை. கொட்டுவதும் இல்லை, நிற்பதும் இல்லை. துணி காயாத மழை.

எனக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல மொரிவாகி வாத்தியார் எழுதுகிறார். என் மகள் செண்பகவல்லி இந்தக் கியோட்டோவில் நெல் ஆராய்ச்சி வேலை பார்க்கிறாள். அவள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி வாத்தியார் இருக்கிறார். இங்குள்ள பெரிய கல்லூரியில் மதம் என்றால் என்ன, 'நான்' என்றால் யார் என்று பாடம் சொல்கிறவர். அறுபது வயது இருக்கும். வாலிபத்தில் மதுரையில் தங்கித் தமிழ் படித்தாராம். பேச ஆள் இல்லாமல் தமிழ் துருப்பிடித்துவிட்டது, காலையில் வந்து தாங்கள் கூறுவதை எழுதிப் பழகட்டுமா என்று கேட்டார். மகள் வேலைக்குப் போன பிறகு நானும் சுவரும்தான். சரி என்றேன்.

நான் 'சொல்லுதேன்' என்றால் அவர் 'சொல்கிறேன்' என்று எழுதுகிறார். படித்துக் காட்டும்போது யாரோ தாசில்தார் பேசுவது மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் பேசினதை மட்டும் அவரவர் பேசினபடி எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தந்த ஆளின் வாடை பேச்சில்தான் இருக்கிறது.

முட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

ஆனி 14, வெள்ளி

இங்கே குப்பையைப் பிரித்துப் போடவேண்டும், எரிகிற குப்பைக்கு மஞ்சள் பை. நான் முட்டை அட்டையையும் வாழைப்பழத் தோலையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். எதிர்வீட்டு அம்மா திட்டவில்லை, சிரித்துக்கொண்டே குனிந்து கும்பிட்டுவிட்டுப் பையைத் திருப்பித் தந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆனி 19, புதன்

ஊரிலிருந்து அணைஞ்சபெருமாள் போன் பண்ணினான். எங்கள் கோயிலுக்கு நிர்வாகி. எனக்குத் தம்பி முறை.

"அண்ணாச்சி, ஜப்பான்ல எல்லாம் சௌகரியமா இருக்கியளா? புழு பூச்சியெல்லாம் திங்கச் சொல்லுதாவளா?"

"நெத்திலிக் கருவாடுதான்டா திங்கேன். விசயத்தைச் சொல்லு."

"ஆவணி ரெண்டாம் வெள்ளி கொடை. நீங்க வாரியளா, இல்லியா? இல்லைன்னா சல்லடத்தை வேற ஆளுக்குத்தான் கட்டணும். ஊர்ல கேக்காவ."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாத்தியார் பக்கத்திலேயே இருந்தார். சல்லடம் என்றால் என்ன என்று கேட்டார். சொல்லாமல் தீராது.

மேலப்பொய்கையில் எங்கள் குலதெய்வம் பலவேசக்காரன். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் திருவிழா, அதுதான் கொடை. அன்று மத்தியானம், வில்லுப்பாட்டில் அவர் கதை பாடி மேளம் ஏறும்போது, சாமிகொண்டாடியின் உடம்பில் அவர் இறங்குவார். மணி கட்டின குட்டைக் கால்சட்டைதான் சல்லடம். அதைக் கட்டி நிற்கிறவன் நான். சின்ன வயசில் அப்பாவுக்குப் பிறகு என் மேல் வந்தவர், என்னை விட்டதில்லை. என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் தவறின வருஷம் தீட்டு என்று நான் நிற்கவில்லை. வருஷம் திரும்பி, போன ஆவணியில் நின்றேன். மேளம் அடித்தார்கள். வில்லுக்காரர் கதையை மூன்றாம் தடவை திருப்பிப் பாடினார். வரவில்லை.

மேளக்காரன் புதுசு. வெயிலும் அதிகம். முட்டு வேறு.

மகள் இங்கே கூப்பிட்டாள், வந்துவிட்டேன்.

ஆனி 27, வியாழன்

வாத்தியார் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்.

"ஐயா, சாமி தங்கள் வாயால் 'நான் வந்திருக்கிறேன்' என்று கூறும் அல்லவா? அந்த 'நான்' யார்?"

"பலவேசக்காரன்."

"வாய்?"

"என் வாய்தான்."

"அவ்வேளையில் பேச்சிமுத்து எங்கே சென்றார்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் எங்கயும் போகலைன்னு அர்த்தம், வாத்தியாரே."

அவர் விக்கல் வரும்வரை சிரித்தார். பிறகு அதை எழுதிக்கொண்டார்.

எனக்கு ஞாபகம் அதிகம். எந்த வயலில் எந்த வருஷம் காற்றில் வாழை சாய்ந்தது, அன்றைக்கு யார் யார் தார் சுமந்தார்கள், கல்யாணத்தன்று ஆவுடை எந்தக் காலில் மெட்டி இறுக்கிற்று என்று நொண்டினாள், எல்லாம் இருக்கிறது. கொடைக்குக் கொடை அந்த மத்தியானம் மட்டும் இருக்காது. மேளம் ஏறுவது தெரியும். அடுத்தது மஞ்சள் தண்ணீர் முகத்தில் வடிவது தெரியும். நடுவில் ஒன்றும் கிடையாது.

அவர் தன் கதை ஒன்று சொன்னார். மதுரையில் முதல் நாள் சாப்பாட்டில் பச்சை மிளகாயைப் பயறு என்று நினைத்துக் கடித்துவிட்டாராம். "முதலில் எரிச்சல் மட்டுமே இருந்தது. நானும் இல்லை, மிளகாயும் இல்லை. சற்று நேரம் கழித்தே மொரிவாகி என்பவன் வந்து சேர்ந்தான், தண்ணீர் கேட்டான்."

இந்த நாட்டில் போன நூறு வருஷத்துக்குள் இருந்த பெரிய படிப்பாளிகள் அதைத்தான் சொன்னார்களாம். 'நான்' என்று ஒருவன் முன்கூட்டியே உட்கார்ந்திருந்து அப்புறம் உலகத்தைப் பார்க்கவில்லை. முதலில் பார்வைதான் இருக்கிறது. 'நான்' அதிலிருந்து பிரிந்து வருகிறது. அதனால் 'நான்' என்பது ஒரு சாமான் இல்லை, எல்லாம் தோன்றி மறைகிற ஒரு இடம். சாமியும் வெளியே இருந்து வரவேண்டியதில்லை, அந்த இடத்தின் அடியிலேயே இருக்கலாம் என்கிறார்.

"இல்ல வாத்தியாரே. வெளிய இருந்துதான் வருது. தெக்க இருந்து, குளத்தாங்கரை வழியா. முதுகுல தெரியும்."

எந்த முதுகில் என்று கேட்டார். அந்த ஆளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

ஆடி 1, புதன்

சாமி வருஷா வருஷம் என்ன சொல்லும் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

ஆடி 2, வியாழன்

இன்றைக்கு வாத்தியார் எழுத வந்தவர் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். அவர் அப்பா இந்த ஊரின் வடக்கே ஒரு சின்ன புத்தர் கோயிலுக்குப் பூசகர். எண்பத்தெட்டு வயது. வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. இங்கே பூசகர்கள் கல்யாணம் கட்டுவார்கள், மகன்தான் அடுத்து. ஊர்க்காரர்கள் இவரைக் கேட்கிறார்கள்.

"வாழ்நாளெல்லாம் மதம் குறித்துப் பாடம் கூறினேன், ஐயா. ஆனால் எனக்குள் நம்பிக்கை இருக்கிறதா என்று தெரியவில்லை. நம்பிக்கை இல்லாமல் அந்த அங்கியை அணிவது ஏமாற்று அல்லவா?"

"நம்பிக்கை வந்த பெறவு போடலாம்னு இருக்கியளா?"

"ஆம்."

"எங்க ஊர்ல சல்லடம் கட்டின பெறவுதான் சாமி வரும். கட்டாம வந்தா அது பேய்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஆடி 4, சனி

மகளுக்கு விடுமுறை. வாத்தியாரும் வந்தார். போன நாட்களில் எழுதினதைச் சரிபார்க்க உரக்கப் படித்தார். அவள் அடுப்படியில் இருந்தாள்.

"நான் என் பிள்ளையை விட்டுப் போகவில்லை. எல்லை தாண்டிப் போனாலும், கடல் தாண்டிப் போனாலும் பின்னாலேயே வருவேன். சோறு தின்றாளா என்று பார்ப்பேன். அவள் நடந்த இடமெல்லாம் என் இடம்."

கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் செண்பகம் வந்து டீயை வைத்தாள். கண் சிவந்திருந்தது. என்னம்மா என்று கேட்டேன்.

"வெங்காயம்ப்பா."

அவள் அரிந்துகொண்டிருந்தது வெள்ளரிக்காய்.

ஆடி 8, புதன்

மழை விட்டுவிட்டது. இப்போது வெயில், அதோடு மரத்துக்கு மரம் ஒரு பூச்சி காது கிழியக் கத்துகிறது. மகள் தினமும் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறாள். கேட்காமலே முட்டுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். வந்த புதிதில் இப்படி இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் தங்கியிருந்தோம், அவ்வளவுதான்.

ஆடி 11, சனி

இன்றைக்கு விஷயம் வெளியே வந்தது. சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யப்பா, நீங்க அப்படி நெனச்சுக்கிட்டு இருக்கியன்னு எனக்குத் தெரியாதுப்பா. அம்மா காரியத்துக்கு நான் நேரத்துக்கு வரலைன்னு உங்களுக்குக் கோவம்னுல்லா நெனச்சேன். அதான் ஊர்ப்பக்கமே வராம இருந்தேன்."

ஆவுடை தவறினபோது இவளுக்கு விமானம் கிடைக்கவில்லை. வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். அவள் வந்த அன்று நான் ஒன்றும் பேசவில்லை, அது வாஸ்தவம். பேச என்ன இருந்தது.

"எப்படி நெனச்சேன்?" என்று கேட்டேன்.

"கடல் தாண்டிப் போனாலும் பின்னாலயே வருவேன்னு. வாத்தியார் படிச்சாவளே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கொடையில் பலவேசக்காரன் ஊரைப் பார்த்துச் சொல்கிற வாக்கு. ஊர்தான் பிள்ளை, ஊரை 'அவள்' என்றுதான் சாமி பேசும். வாத்தியார் இது சாமி பேச்சு என்று எழுத்தில் குறி வைக்காமல் விட்டுவிட்டார். என் பேச்சோடு பேச்சாகக் கலந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் சாமி வாக்கை என் வாக்கென்று வைத்துக்கொள்ள முடியுமா?

"தாயி, அது நான் சொன்னதில்ல. சாமி சொன்னது."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பிறகு கேட்டாள்:

"எந்த வாய் சொல்லிச்சு?"

"என் வாய்தான்."

"அப்போ சரி."

"என்னம்மா சரி?"

"சோத்தைத் தின்னுங்க."

நான் தின்றேன். அவள் விடவில்லை. "அந்த நேரம் உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காதே. சாமி என்ன சொல்லிச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கம்மாதான் சொல்லுவா. மறுநாள் காலையில. ஒரு வார்த்தை விடமாட்டா. சாமி மாதிரியே கையை ஆட்டி நடிச்சுக் காட்டுவா."

"எனக்கு ஒரு தடவை கூடக் காட்டினதில்லியே."

"நீ பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல இருந்தே."

"ஆமா," என்றாள்.

ஆடி 13, திங்கள்

சனிக்கிழமை நடந்ததை இன்றைக்குத்தான் வாத்தியாரிடம் சொல்லி எழுதவைத்தேன். தலை முட்டில் இடிக்கிற அளவு குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர்கள் பேச்சில் 'நான்' என்று சொல்லாமலே முழுக்கதையும் சொல்லலாமாம். 'வந்தேன்', 'வந்தான்' இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். அதனால் யார் சொன்னது என்று குறிக்க மறந்து போவாராம்.

"இப்போது குறி இட்டுவிடட்டுமா, ஐயா?"

வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு. நம் ஆறு எப்படி இருக்கிறதோ. மகள் புளியோதரை செய்தாள். புளி இங்கே கிடைப்பது சிரமம், புளிப்பாக ஏதோ ஊறவைத்த பழத்தைப் போட்டாள். தின்ன முடிந்தது.

அணைஞ்சபெருமாள் மறுபடியும் போன்.

"அண்ணாச்சி, கால்நாட்டுக்குள்ள சொல்லணும். நம்ம குமரேசன் சல்லடம் கட்டத் தயாரா இருக்கான். அவனுக்கு இப்பவே உடம்பு சிலிர்க்குதாம்."

"அவனுக்கு ஏசி போட்டாலே சிலிர்க்கும்."

"தமாசு இருக்கட்டும். போன வருசம் மாதிரி ஆயிரக் கூடாதுன்னு ஊர் பயப்படுது. சாமி வராத கொடை கொடையா? சின்னப் பிள்ளையள் கூடக் கேக்கு, பலவேசக்காரர் ஊரை விட்டுப் போயிட்டாரான்னு. நீங்க வந்து நின்னு, இந்த வருசமும் வரலைன்னா..."

"முட்டு வலிக்குடா."

"முட்டா இப்பம் பேச்சு?"

வைத்துவிட்டான். நான் சொன்னது பொய் இல்லை. முட்டு வலிக்கத்தான் செய்கிறது.

ஆடி 23, வியாழன்

இங்கே இந்த மாசம் செத்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போகிற நாட்கள். ஓபோன் என்கிறார்கள். பூசகர் வீடு வீடாகப் போய் ஓதவேண்டும். வாத்தியாரின் அப்பா கட்டிலில். வேறு ஆள் இல்லை. இவர்தான் போகவேண்டும். துணைக்கு வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார். கறுப்பு அங்கியில் அவரைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. கழுத்துப் பட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டு அவரைப் பாடாய்ப் படுத்தியது.

மூன்றாவது வீட்டில் ஒரு கிழவி மட்டும். கூடத்தில் மர அலமாரிக்குள் அவள் புருஷன் படம், ஒரு கிண்ணம் சோறு, கத்தரிக்காய்க்கு நாலு குச்சிக்கால் குத்தி மாடு செய்து வைத்திருந்தாள். செத்தவர்கள் ஊர் திரும்ப வண்டி மாடாம். எனக்கு அந்தக் கத்தரிக்காய் மாட்டை ரொம்பப் பிடித்துவிட்டது.

வாத்தியார் முன்னே உட்கார்ந்து ஓத ஆரம்பித்தார். முதலில் குரல் ஆடியது. இரண்டு வரியில் திக்கினார். பிறகு என்னவோ ஆனது. குரல் அடியில் இறங்கிவிட்டது. முதுகு நேராகிவிட்டது. கழுத்துப் பட்டையைத் தொடவே இல்லை. கிழவி கண்ணை மூடிக்கொண்டு, படத்தில் இருப்பவனுக்கு விசிறுவது மாதிரி விசிறியை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகு அவள் ஏதோ சொன்னாள். வெளியே வந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"'உங்கள் தந்தையும் ஓதும்போது அந்த இடத்தில் இப்படித்தான் அவசரப்பட்டுத் திக்குவார்' என்றார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நம்பிக்கை உண்டா என்று அவர் கேட்கவில்லை."

அடுத்த வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டே நடந்தார். பிறகு, "ஐயா, ஓதியாயிற்று. யார் ஓதியது என்றுதான் தெரியவில்லை," என்றார்.

பயமாக இருந்ததா என்று கேட்டேன். இல்லை, சட்டென்று பசித்தது என்றார். இரண்டு பேரும் கடையில் குளிர்ந்த சேமியா மாதிரி ஒன்றை வாங்கி உறிஞ்சினோம்.

ஆடி 26, ஞாயிறு

ஆற்றங்கரையில் ஒரு மரத்தடிப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கணுக்கால் அளவு. கொக்கு ஒன்று மீனுக்கு நின்றது.

போன வருஷம் வரவில்லை என்று சொன்னீர்களே, அப்போது தாங்கள் என்ன செய்தீர்கள் என்று வாத்தியார் கேட்டார்.

"என்ன செய்ய? நின்னேன். மேளம் ஓயிற வரைக்கும் நின்னேன். ஓடிப்போக முடியுமா?"

"சாமி வரவில்லை. தங்களாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் அவ்விடத்தில் நின்றீர்கள்."

"எல்லாரும் பாக்காவ. நிக்காம?"

அவர் கொக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மதம் என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று அவர்கள் ஊர்ப் படிப்பாளிகள் ரொம்ப யோசித்தார்களாம். மனுஷன் தன் பலம் எல்லாம் வற்றி, நான் ஏன் இருக்கிறேன் என்று தெரியாமல் நிற்கிறானே, அங்கேதான் என்று முடிவுக்கு வந்தார்களாம். சாமி வந்த வருஷங்களைவிட வராத வருஷம் நீங்கள் அதற்குக் கிட்டத்தில் நின்றிருக்கலாம் என்றார்.

ஊரில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில்.

அப்புறம் என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஆவுடையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஆவுடையும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கூட, பக்கத்தில் நிற்கிற பிள்ளையைச் சொல்லச் சொல்லுவாள். ஆனால் கொடையன்று, சாமி சொல்லவேண்டியது எல்லாம் சொல்லி முடித்து மலையேறவேண்டும், ஆள் திரும்பவேண்டும். சிலருக்கு அது லேசில் ஆகாது. என் அப்பாவுக்கு ஒரு தடவை பொழுது சாய்கிற வரை ஆகவில்லை. எனக்கு ஆவுடை வருவாள். மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்து, காதோரம் குனிந்து ஏதோ சொல்லுவாள். ஏதோ மந்திரம் என்று ஊரில் நினைப்பு. மந்திரமும் இல்லை ஒன்றும் இல்லை. 'பேச்சிமுத்து' என்பாள். அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை.

வாத்தியார் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார். பிறகு சொன்னார்: "'நான்' தன் அடியைத் தோண்டிப் பார்த்தால் அங்கே தன்னைக் காண்பதில்லை, ஐயா. அங்கே 'நீ' இருக்கிறது. நீ அழைப்பதால் நான் நானாகிறேன். இதையும் எங்களில் ஒருவர் சிந்தித்திருக்கிறார். பல ஆண்டுகளாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன்."

கொக்கு பறந்ததும் ஒன்று கேட்டார்.

"தாங்கள் அஞ்சுவது சாமி வராது என்பதையா? வந்துவிடும் என்பதையா?"

முட்டு வலிக்கிறது, எழுந்திருக்கலாம் என்றேன்.

ஆடி 27, திங்கள்

முட்டுக்கு இரண்டு தடவை ஒத்தடம் கொடுத்தேன்.

ஆடி 30, வியாழன்

மகள் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை.

"உனக்கு லீவு கிடைச்சுதா?"

"கேட்டேன், குடுத்தாவ. அணைஞ்சான் சித்தப்பாட்டயும் பேசிட்டேன், அப்பாதான் நிப்பாவன்னு."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"கூப்பிட்டாப் போதும்னு உங்க சாமி சொல்லல?"

அப்படி ஒரு வாக்கே கிடையாது. இவளாகச் சேர்த்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

வாத்தியாருக்கு அன்றைய கேள்விக்குப் பதில் சொன்னேன். வந்துவிடும் என்றுதான், என்றேன். போனால் திரும்பக் கூப்பிட ஆள் இல்லை. அவர் தலையை ஆட்டினார். அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. நாளை முதல் போனில் சொல்லுங்கள், இங்கிருந்தே எழுதுகிறேன் என்றார். அப்பாவின் கோயிலைப் பற்றி முடிவு சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இந்த மாசம் இன்னும் பதினாறு வீடு பாக்கி, முதலில் அதை முடிக்கிறேன் என்றார்.

ஆவணி 7, வெள்ளி

மேலப்பொய்கை. கால்நாட்டு ஆகிவிட்டது, கொடைக்குப் பந்தக்கால் ஊன்றிவிட்டார்கள். கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். இனிக் கொடை முடிகிற வரை கோயில் வளாகத்தில்தான் படுக்கை, ஒரு வேளைதான் சாப்பாடு.

குமரேசன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். "மாமா, வயித்துல பால் வார்த்திய. எனக்கு மூணு நாளாத் தூக்கம் இல்ல," என்றான். சிலிர்ப்பெல்லாம் அணைஞ்சானின் கற்பனை போலிருக்கிறது.

செண்பகத்தைக் கிழவிகள் சூழ்ந்துகொண்டார்கள். ஜப்பானில் ஏன் எல்லாரும் ஒரே சாடை, நீ ஏன் இளைத்துப் போனாய், உன் சம்பளம் எவ்வளவு. மூன்றாவதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை.

ஆவுடை செய்ததை யார் செய்வது என்று அணைஞ்சான் கேட்டான். அவள் என்ன மந்திரம் சொல்லுவாள் என்றும் கேட்டான். மந்திரம் ஒன்றும் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. மகளிடமும் நான் சொல்லவில்லை. அப்பன் பேரை மகள் வாயால் சொல்லவைப்பதா?

ஆவணி 14, வெள்ளி

மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாத்தியாரே, பிறகு பேசுகிறேன்.

ஆவணி 15, சனி

நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மற்றது செண்பகம் சொன்னது.

சல்லடம் கட்டி, மாலை போட்டு நின்றேன். வில்லில் கதை ஏறியது. முதல் தடவை ஒன்றும் இல்லை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சரி, போன வருஷம் மாதிரி நிற்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் முட்டு வலி போனது. வராவிட்டால் வராதவனாக நிற்கிறேன் என்று காலை அகட்டி வைத்தேன். வில்லுக்காரர் அடுத்த அடியை எடுத்தார். குளத்தாங்கரைப் பக்கம் காற்று திரும்பியது.

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

அடுத்தது மகள் சொன்னது. பலவேசக்காரர் வந்தாராம். மூன்று தெருவுக்கும் வாக்குச் சொன்னாராம். குளத்து மடையை இந்த வருஷம் பார்த்துக் கட்டச் சொன்னாராம், அணைஞ்சானைக் கணக்கில் கவனம் என்று திட்டினாராம். அதில் ஊருக்கு ரொம்பச் சந்தோஷம். எல்லாம் முடிந்தும் மலையேறவில்லை. மேளத்தை நிறுத்தினார்கள். பூசாரி திருநீறு போட்டார். ஆடிக்கொண்டே இருந்தேனாம். கண் மேலே சொருகிவிட்டதாம். அணைஞ்சான் இவள் கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து, "உங்க அம்மா என்னமோ சொல்லுவாவளே, சொல்லு மோளே," என்றானாம்.

"எனக்கு என்னப்பா தெரியும்? மந்திரம் தெரியாது, சாமிகிட்ட எப்படிப் பேசணும்னு தெரியாது. நீங்க அப்படி ஆடுறதைப் பார்த்ததும் பயமாப் போச்சு. தண்ணியை மூஞ்சில அடிச்சேன். 'யப்பா!'ன்னு கத்திட்டேன்."

கூட்டத்தில் ஒரு கிழவி, "அடிப் பாவி, சாமியைப் போய் அப்பாங்காளே!" என்று மாரில் அடித்துக்கொண்டாளாம். இவள் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி மறுபடியும், மறுபடியும்.

எனக்குத் தெரிந்தது தண்ணீர் வடிவது. அப்புறம் அந்தச் சத்தம். அது என் பேர் இல்லை. இருந்தாலும் திரும்பிப் பார்க்கவேண்டியது நான்தான் என்று தெரிந்தது. பார்த்தேன். செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் மகள் நிற்கிறாள், முகமெல்லாம் மஞ்சள், என்னைவிட அதிகமாக நனைந்திருக்கிறாள்.

"என்ன தாயி?" என்றேனாம். ஊர் குலவை போட்டதாம்.

காலையில் இட்லியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கேட்டேன். கையை ஆட்டி நடித்துத்தான் காட்டினாள். சாமி உன்னிடம் ஏதாவது சொல்லிற்றா என்று கேட்டேன்.

"சொல்லிச்சு."

"என்ன சொல்லிச்சு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"ஏட்டி, என் வாயாலதானே சொல்லிச்சு?"

"உங்க வாய்தான். ஆனா உங்ககிட்ட சொன்னதில்லியே. எனக்குல்லா சொல்லிச்சு."

சட்டினி போட்டாள். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. முகம் மட்டும் நன்றாக இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த முகம்.

வாத்தியார் போனில் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் இந்த நாளின் எழுத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விடுங்கள் என்றேன். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் காரியமாம், அங்கியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

செண்பகம் விமானக்காரர்களிடம் பேசித் திரும்புகிற தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. முற்றத்தில் அவள் அம்மாவின் பழைய சேலையை உடுத்திக்கொண்டு, போனை ஒரு தோளில் இடுக்கி, நேற்றைய மஞ்சள் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடுகிறாள்.